சுங்கமில்லாச் சாலை

மேற்படிப்பின் பொருட்டுப் பிரான்சு செல்லும் இந்திய மாணவர் தொகை ஆண்டுக்கு ஆண்டு பெருகி வருகிறது. நம் மன்றத்திலிருந்தும் சிலர் சென்றிருக்கின்றனர், இனியும் செல்வர். சென்ற முதற் கோடையிலேயே நண்பர் நால்வர் கூடிக் காரொன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, தெற்கே மத்தியதரைக் கடலைப் பார்த்துவரப் புறப்படுவது வழக்கமாகிவிட்டது. அப்போது எழும் முதல் வழக்கு, சுங்கம் செலுத்தி விரைவுச்சாலையில் செல்வதா, சுங்கமில்லாத பழைய நெடுஞ்சாலையில் செல்வதா என்பது. நண்பர்கள் இதை வெறும் பணக்கணக்காகவே பேசக் கேட்டிருக்கிறேன். இரு வகைச் சாலைகளிலும் சென்று பார்த்தவன் என்ற முறையில், அக்கணக்கு முழுக்கணக்கு ஆகாது என்று எனக்குத் தோன்றுகிறது.

என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பழைய சாலையின் கட்சி. ஆனால் சுங்கத்திற்குப் பதிலாக நேரத்தை விலையாகக் கொடுக்க மனமுள்ளவர்க்கே அச்சாலையைச் சொல்வேன். சுங்கமும் மிஞ்ச வேண்டும், விரைவுச்சாலைக்காரன் போய்ச் சேரும் நேரத்திலேயே தாமும் போய்ச் சேர வேண்டும் என்று எண்ணுபவர், அருள்கூர்ந்து சுங்கத்தைக் கட்டிவிட்டுப் போகட்டும். ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பது போகப்போக விளங்கும்.

முதலில் பணம். பாரிசிலிருந்து லியோன் நகரம் ஏறத்தாழ 460 கிலோமீட்டர். விரைவுச்சாலையில் நாலரை மணி நேரம். சுங்கம் 40 யூரோவை நெருங்கும். அங்கிருந்து மார்செய் வரை போனால் மொத்தச் சுங்கம் 60 யூரோவைத் தாண்டிவிடும். நம் பணத்தில் 5,000 ரூபாய்க்கு மேல். திரும்பும்போது மறுபடியும் அதே தொகை. நால்வர் பங்கிட்டுக்கொண்டால் பெரிதாகத் தோன்றாது. உதவித்தொகையை எண்ணியெண்ணிச் செலவிடும் மாணவர் இருவர் மட்டும் செல்வதானால் உறுத்தத்தான் செய்யும். பெட்ரோல் கணக்கு ஒன்றும் உண்டு. வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும் என்பது இயற்பியல் மாணவர் அறிந்ததே. மணிக்கு 130 கி.மீ. ஓடும் கார் குடிக்கும் எண்ணெயை 80 கி.மீ. ஓடும் கார் குடிப்பதில்லை. ஊர்தோறும் நின்று நின்று புறப்படுவதில் அந்த மிச்சத்திலும் ஒரு பங்கு கரைந்துபோகும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பணக்கணக்கு இவ்வளவுதான்.

சுங்கம் வந்த கதை அதைவிடச் சுவையானது. பாரிசுக்கு மேற்கே 1940களில் முதல் விரைவுச்சாலை திறக்கப்பட்டபோது அதில் சுங்கம் இல்லை. போரினால் நொடித்திருந்த அரசிடம் மேலும் சாலை போடப் பணமும் இல்லை. ஆகவே 1955ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் ஒரு சட்டம் செய்தனர். கடன் வாங்கிச் சாலை அமைத்து, சுங்கம் வாங்கி அக்கடனை அடைக்கலாம் என்பது அதன் கருத்து. விரைவுச்சாலையைப் பயன்படுத்துவது கொள்கையளவில் இலவசம் என்று அந்நாட்டுச் சட்டம் தொடங்குகிறது. அடுத்த வாக்கியத்திலேயே, எனினும் சுங்கம் விதிக்கலாம் என்று இடம் கொடுத்துவிடுகிறது! 1961இல் தென்கோடியில் எஸ்தெரல் மலைப்பகுதியில் முதற் சுங்கச்சாலை திறக்கப்பட்டது. இன்று அத்தகைய சாலை 9,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. விதிவிலக்கு வளர்ந்து விதியை விழுங்கிய கதைகளுள் இதுவும் ஒன்று.

நீண்ட காலம் இச்சாலைகளைப் பெரும்பாலும் அரசின் பங்கு மிகுந்த நிறுவனங்களே நடத்தி வந்தன. 2006இல் வில்பன் பிரதமராக இருந்தபோது, அரசு தன் பங்குகளை ஏறத்தாழ 1,480 கோடி யூரோவிற்குத் தனியாருக்கு விற்றுவிட்டது. பொன்முட்டையிடும் வாத்தை விற்றுவிட்டார்கள் என்ற குறை அந்நாட்டு மக்களிடம் இன்றும் ஆறவில்லை. 2018 நவம்பரில் மஞ்சள் மேற்சட்டைக் கிளர்ச்சி எழுந்தபோது, கிளர்ச்சிக்காரர் பல சுங்கச்சாவடிகளைக் கைப்பற்றித் தடுப்புக் கழிகளைத் தூக்கிவிட்டு, வண்டிகளை இலவசமாகப் போக விட்டனர். சில சாவடிகள் தீக்கிரையாயின. பெரிய ஒப்பந்தங்கள் 2031 தொடங்கி 2036க்குள் முடிகின்றன. அப்போது சட்டத்தின் முதல் வாக்கியம் வெல்லுமா, இரண்டாம் வாக்கியம் வெல்லுமா என்பதை நாமும் பார்க்கத்தான் போகிறோம்.

இங்கே நம் நாட்டை நினையாமல் இருக்க முடியவில்லை. நம் தேசிய நெடுஞ்சாலைகளில் பெரும்பாலும் என்ன செய்தோம்? இருந்த சாலையையே அகலப்படுத்தி, அதன்மேலேயே சாவடி வைத்தோம். விலகிப் போக விரும்புபவனுக்கு வேறு சாலை ஏது? பிரான்சில் அப்படியன்று. புதிய விரைவுச்சாலையைப் புதிய நிலத்தில் போட்டார்கள். பழைய நெடுஞ்சாலை பெரும்பாலான இடங்களில் அதன் பக்கத்திலேயே, ஊர்களுக்கு நடுவே, யாரிடமும் காசு கேளாமல் கிடக்கிறது. சுங்கம் கொடாதவன் அங்கே குறுக்குவழி தேடும் தந்திரக்காரன் அல்லன்; அவனுக்கென்று சாலை இருக்கிறது. அரசே ஒரு காலத்தில் அவனை அவ்வழியில் அனுப்பிவைத்தது. 1975 ஆகஸ்டுத் தொடக்கத்தில், விடுமுறைக்குப் புறப்பட்ட கூட்டத்தால் நாடெங்கும் சேர்ந்து 600 கிலோமீட்டர் நீளத்திற்கு வண்டிகள் தேங்கி நின்றன. மறு ஆண்டே ‘தந்திரக் காட்டெருமை’ என்று பொருள்படும் பெயருடைய ஒரு செவ்விந்தியப் பாத்திரத்தைப் படைத்து, எந்நாளில் புறப்படலாம், எந்தச் சிறு சாலையில் போகலாம் என்று அவன் வாயிலாக மக்களுக்கு அறிவுரை கூறத் தொடங்கினர். ‘பிஸ்’ என்று எழுதிய பலகைகள் மாற்று வழி காட்டின. அக்காட்டெருமையார் இன்றும் பணியில் இருக்கிறார்.

சுங்கமில்லாச் சாலை என்றாலே மாட்டுவண்டிப் பாதை என்று எண்ணிவிட வேண்டா. விரைவுச்சாலையாகவே அமைந்து சுங்கம் இல்லாதனவும் உண்டு. பிரித்தானி மாநிலத்தில் சுங்கச்சாலையே கிடையாது. பிரித்தானியின் அரசியாக இருந்த ஆன் என்பவள் பிரான்சு மன்னனை மணந்தபோது செய்துகொண்ட ஒப்பந்தம் அது என்று அவ்வூர்க்காரர் பெருமையாகச் சொல்வார்கள். கதை அழகானது, உண்மை வேறு. நாட்டின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்த அம்மாநிலத்தின் மனக்குறையைத் தீர்க்க, 1969இல் அரசு வகுத்த சாலைத் திட்டமே அதற்குக் காரணம். வியெர்சோனிலிருந்து பிரீவ் வரை ஏ-20 இலவசம். கானிலிருந்து ரென் வரை ஏ-84 இலவசம். கிளெர்மோன் பெரான் நகரிலிருந்து தெற்கே பெசியே வரை மலைகளின் ஊடே ஏறத்தாழ 340 கிலோமீட்டர் ஓடும் ஏ-75 இலவசம், ஒரே ஒரு பாலம் தவிர. அப்பாலத்தைப் பற்றிப் பின்னர்ச் சொல்கிறேன்.

ஆயினும் பழைய சாலைகளுள் தலையாயது, பாரிசிலிருந்து இத்தாலி எல்லையருகே மாந்தோன் வரை ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் ஓடிய ஏழாம் எண் நெடுஞ்சாலை. பிரெஞ்சுத் தொழிலாளி சம்பளத்தோடு விடுமுறை பெற்று, முதன்முதலாகக் குடும்பத்தோடு கடல் பார்க்கப் போன சாலை அது. சார்ல் திரெனே 1955இல் அதன்மேல் பாட்டே பாடிவிட்டார். மோந்தேலிமார் ஊரில் நூகா மிட்டாய் விற்றுப் பிழைத்த கடைகள் எல்லாம் அச்சாலையில் நின்ற வண்டிகளை நம்பியே பிழைத்தன. லப்பாலீஸ் என்னும் சிற்றூரில், அந்நாளைய போக்குவரத்து நெரிசலைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை பழைய கார்களைக் கொண்டு மீண்டும் நடித்துக் காட்டி விழாக் கொண்டாடுகிறார்கள். நெரிசலுக்கு விழா எடுத்த ஊரை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. இன்று படத்தில் ‘என்-7’ என்று தேடுபவர் சில இடங்களில் திகைப்பர். 2006இல் பல தேசியச் சாலைகளை மாவட்டங்களிடம் ஒப்படைத்தபோது எண்களும் மாறின. லுவாரே மாவட்டத்தில் அதே சாலை ‘டி-2007’. சாலை பழையது, பெயர்தான் புதிது.

அச்சாலையில் போனால் என்ன கிடைக்கும்? நாட்டைப் பார்க்கலாம். விரைவுச்சாலையில் 460 கிலோமீட்டர் ஓட்டினாலும் ஒரு தேவாலய மணியோசை காதில் விழாது. நிற்கும் இடமெல்லாம் ஒரே மாதிரிக் கடை, ஒரே மாதிரி ரொட்டி, ஊரில் விற்பதைவிடக் கூடுதலான விலை. பழைய சாலை ஒவ்வோர் ஊரின் நடுத்தெருவாகவே மாறிவிடும். ரொட்டிக்கடை வாசலில் வரிசை நிற்பதும், முதியோர் மரத்தடியில் இரும்புக் குண்டு உருட்டி ஆடுவதும், போரில் இறந்த இளைஞர் பெயர்களைப் பொறித்த கல் ஒன்று ஊர்தோறும் நிற்பதும் அங்குத்தான் தெரியும். இருநூறு வீடுள்ள ஊரில் நாற்பது பெயர் பொறித்த கல்லின் முன் நின்றவனுக்கு, முதல் உலகப் போரைப் பற்றி வேறு பாடம் வேண்டியதில்லை.

சுங்கத்தின் பக்கத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஐரோப்பாவின் நடுவே இருக்கும் நாடு அது. வடக்கே இருந்து இசுபானியாவிற்கும் இத்தாலிக்கும் போகிறவர் எல்லாம் அதன் சாலைகளைத் தேய்த்துவிட்டுப் போகின்றனர். அவர்களிடம் சுங்கம் வாங்குவதில் என்ன பிழை? சுங்கமில்லாச் சாலை வானத்திலிருந்து விழவில்லை. அந்நாட்டு மக்களின் வரியால் நிற்கிறது. அதில் செல்லும் அயலார் நாம் அம்மக்களுக்குச் சிறிது கடன்பட்டவர் ஆகிறோம். ஊர்க்கடையில் ரொட்டியும் பாலேடும் பெட்ரோலும் வாங்கினால் அக்கடனில் ஒரு பகுதி கழியும் என்பது என் எண்ணம். எல்லாவற்றையும் பாரிசிலேயே கட்டிக்கொண்டு போய், ஊர்களின் தெருவை மட்டும் பயன்படுத்திக்கொள்வது எனக்கு ஒப்பவில்லை.

இனிச் சொல்லப்போவது கசப்பானது. நான் கண்டிப்புக் காட்டியதற்குக் காரணமும் இதுவே.

பழைய சாலையில் எதிரெதிரே வரும் வண்டிகளுக்கு நடுவே இருப்பது ஒரு வெள்ளைக் கோடு மட்டுமே. 2019ஆம் ஆண்டில் பிரான்சில் சாலையில் மாண்டவருள் பத்தில் ஏறத்தாழ அறுவர், ஊர்களுக்கு வெளியே உள்ள சாதாரணச் சாலைகளில் மாண்டனர். விரைவுச்சாலைகளில் மாண்டவர் பத்தில் ஒருவருக்கும் குறைவு. விரைவுச்சாலைகளில் ஓடும் வண்டிகளின் பெருக்கத்தை எண்ணிப் பார்த்தால் இந்த வேறுபாடு இன்னும் பெரிதாகும். வேகம் மிகுந்த சாலையே பாதுகாப்பான சாலை என்பது முதலில் கேட்பவர்க்கு வியப்பாக இருக்கும். எதிரே வண்டி வாராமை, குறுக்குத் தெரு இல்லாமை, ஓரத்தில் மரம் இல்லாமை ஆகிய மூன்றுமே காரணம்.

மரம் என்றதும் ஒரு செய்தி நினைவிற்கு வருகிறது. பழைய சாலைகளின் இருமருங்கும் வளர்ந்து பந்தலிட்டிருக்கும் பிளேன் மரங்களைக் கண்டு மயங்காதவர் இலர். அவற்றில் மோதி உயிர்விட்டவரும் மிகப் பலர். அதிகாரிகள் வெட்டத் தொடங்கினர். 1970 ஜூலையில் குடியரசுத் தலைவர் பொம்பிடு தம் பிரதமருக்கு ஒரு மடல் எழுதி, சாலையோர மரங்களைக் காக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். 1972இல் மட்டும் அந்நாட்டுச் சாலைகளில் 16,000 பேருக்கு மேல் இறந்தனர். இன்று அத்தொகை ஆண்டுக்கு 3,000ஐச் சற்றுத் தாண்டி நிற்கிறது. மரங்கள் பல நின்றுகொண்டேதான் இருக்கின்றன. வேகக் கட்டுப்பாடும், இருக்கைப் பட்டையும், குடித்துவிட்டு ஓட்டுவோர்மேல் எடுத்த நடவடிக்கையும் செய்த வேலை அது. பொம்பிடுவின் பக்கமே நியாயம் என்று நான் கருதுகிறேன். மரத்தின் மேல் பழிபோடுவது எளிது.

ஆனால் மரத்தை வைத்துக்கொள்பவன் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். நாட்டின் நடுவே கிழக்கிலிருந்து மேற்கே ஓடிய என்-79 என்னும் நெடுஞ்சாலை சுங்கமில்லாதது, இருவழிச் சாலை, பெரிய லாரிகள் ஓயாமல் செல்வது. சாவுச்சாலை என்றே அதற்குப் பெயர் வாய்த்தது. 2016 மார்ச்சு 24ஆம் நாள் இரவு, சுவிட்சர்லாந்தில் பிழைக்கப் போயிருந்த போர்ச்சுகீசியர் பன்னிருவர், ஈஸ்டர் திருநாளுக்காகத் தம் நாட்டிற்குச் சிறு வேன் ஒன்றில் சென்றுகொண்டிருந்தனர். மூலன் நகருக்கு அருகே வேன் எதிர்ப்பக்கம் பாய்ந்து லாரியில் மோதியது. பன்னிருவரும் மாண்டனர். ஓட்டிய இளைஞன் ஒருவனே பிழைத்தான். அவனுக்கு வயது 19. நம் வயதுதான். நெடுந்தூரம், இரவு, நெருக்கி அமர்ந்த வேன், விடுமுறைக்குப் போய்ச் சேரும் அவசரம்: இவற்றுள் ஒன்றேனும் நமக்கு அயலானது என்று சொல்ல முடியுமா?

அச்சாலையின் அப்பகுதி பின்னர் விரைவுச்சாலையாக்கப்பட்டு, 2022 நவம்பரில் ஏ-79 என்னும் பெயரில் திறக்கப்பட்டது. பல்லாண்டுகளாக மக்கள் கேட்ட பாதுகாப்பு கிடைத்தது. அதோடு சுங்கமும் வந்தது. அவ்வழியே அன்றாடம் வேலைக்குப் போகிறவர் அதை எதிர்த்துக் குரல் கொடுத்ததில் வியப்பில்லை. அவர் நிலையில் இருந்தால் நானும் முணுமுணுத்திருப்பேன். ஆயினும் கட்டியிருப்பேன்.

ஆகவே பழைய சாலையில் போகிறவர் அதன் முறைப்படி போக வேண்டும். நடுத்தடுப்பு இல்லாத சாலையில் 2018 ஜூலை முதல் பொது வேக எல்லை 80 கி.மீ.; சில மாவட்டங்கள் பின்னர்த் தம் சாலைகளில் 90க்குத் திரும்பிவிட்டன. பலகையைப் பார்த்தே அறிய வேண்டும். ஊர்ப்பெயர் எழுதிய பலகை வந்தால் அதுவே 50 கி.மீ. என்னும் கட்டளை, தனியாக எண் எழுதியிராது. அதே பெயர் சிவப்புக் கோட்டால் அடிக்கப்பட்டிருந்தால் ஊர் முடிந்தது என்று பொருள். நமக்குப் பழக்கமில்லாத விதி ஒன்றும் உண்டு: வேறு குறியீடு இல்லாத சந்திப்புகளில், வலப்புறத் தெருவிலிருந்து வருபவனுக்கே முன்னுரிமை. அவன் நின்று பார்க்க மாட்டான். நாம்தான் நிற்க வேண்டும். நாமோ இடப்புறம் ஓட்டிப் பழகியவர்கள். அங்கே எல்லாம் வலப்புறம். விரைவுச்சாலையில் இம்மாற்றம் அவ்வளவாகத் தெரியாது. ஊர்ச்சந்திப்பில் களைத்த மூளை பழைய பக்கத்திற்கே திரும்பப் பார்க்கும். இருட்டிய பின் இருவழிச் சாலையில் ஓட்டுவதில்லை என்பதை நால்வரும் புறப்படுமுன்பே ஒப்புக்கொள்ள வேண்டும். லாரியை முந்துவதில்லை என்பதையும் அவ்வாறே. லாரிக்குப் பின்னால் ஒரு மணி நேரம் போனால் இழப்பது பத்து நிமிடம்.

லாரிகளின் மேல் கோபம் கொள்ளுமுன் ஊர்க்காரரை நினைக்க வேண்டும். சுங்கத்தை மிச்சம் பிடிக்க வரும் லாரிகள் தம் வீட்டுச் சுவரை ஒட்டி இரவெல்லாம் ஓடுவதைப் பொறுத்துக்கொண்டிருப்பவர் அவர்கள். புவாத்தியே நகரிலிருந்து போர்தோ செல்லும் என்-10, பக்கத்தில் சுங்க விரைவுச்சாலை இருந்தும், லாரிகளால் நிரம்பி வழிகிறது. ஒரு கார் அந்த நெரிசலுக்குச் சேர்ப்பது மிகச் சிறிது என்பது உண்மை. ஆனாலும் பள்ளி விடும் நேரத்தில் ஊர்த்தெருவில் 70இல் பறப்பவன், சுங்கத்தை நிறுவனத்திடமிருந்து மிச்சம் பிடித்து அக்குழந்தைகளின் தலையில் கட்டுகிறான்.

மற்றொன்றையும் எச்சரிக்க வேண்டும். சுங்கமில்லாமல் போகிறோம் என்று எண்ணிக்கொண்டே சுங்கச்சாலையில் போய்விடுவது இப்போது எளிதாகிவிட்டது. ஏ-79இல் சாவடி இல்லை. தடுப்புக் கழி இல்லை. கருவிகள் வண்டி எண்ணைப் படமெடுத்துக்கொள்ளும். 72 மணி நேரத்திற்குள் நாமே கட்டிவிட வேண்டும். பாரிசிலிருந்து நார்மண்டி செல்லும் சாலையும் 2024இல் இம்முறைக்கு மாறியது. வாடகைக் காரில் சென்றால் அபராதமும், அதற்குமேல் வாடகை நிறுவனம் வாங்கும் கட்டணமும் பல வாரம் கழித்து வந்து சேரும். நீலப் பலகையில் ‘பேயாஜ்’ என்ற சொல் உண்டா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே வருவது நல்லது. அச்சொல்லுக்குச் சுங்கம் என்று பொருள்.

அடுத்த கோடையில் செல்வார்க்கு நான் சொல்லும் வழி இது. ஒரே நாளில் கடலை அடையும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் விடியற்காலையில் பாரிசிலிருந்து ஏழாம் எண் சாலையில் புறப்பட்டு, மோந்தார்சி, நெவேர் வழியாக மூலன். நெவேர்ப் பக்கத்தில் அச்சாலையின் பல பகுதிகள் சுங்கமில்லா நால்வழிச் சாலையாகிவிட்டதால் ஓட்டுவது எளிது. மூலனில் பிரிந்து, பழைய ஒன்பதாம் எண் சாலையைப் பிடித்துக் கிளெர்மோன் பெரான் சென்று இரவு தங்குங்கள். மறுநாள் முழுவதும் ஏ-75. 1,100 மீட்டர் உயரத்திற்கு மேலும் ஏறி இறங்கும் அச்சாலையில், ஈபெலின் நிறுவனம் 1884இல் கட்டி முடித்த கராபி இருப்புப்பாதைப் பாலத்தைக் காண நிற்க இடம் உண்டு.

பின்னர் மீயோ. தார்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேல் 2004 டிசம்பரில் திறக்கப்பட்ட பாலம் 2,460 மீட்டர் நீளமும், உச்சியில் 343 மீட்டர் உயரமும் உடையது. வீர்லோசு என்னும் பொறியாளரும் நார்மன் பாஸ்டர் என்னும் ஆங்கிலக் கட்டடக் கலைஞரும் வடித்தது. அதற்குச் சுங்கம் 10 யூரோ அளவில். பாலம் வருமுன் கோடை தோறும் மீயோ நகரம் வண்டிகளால் மூச்சுத் திணறிற்று. இன்று அதன் தெருக்கள் அமைதியாக இருக்கின்றன. பொறியியல் மாணவர் ஒருவராவது உடனிருந்தால், போகும்போது சுங்கமில்லாமல் கீழே இறங்கி நகரத்தின் வழியாகப் போய், அந்தத் தூண்களை அடியிலிருந்து அண்ணாந்து பாருங்கள். திரும்பும்போது பணம் கட்டி மேலே வாருங்கள். அந்தப் பத்து யூரோவைக் கொடுக்க எனக்குத் தயக்கமே இல்லை.

மீயோவைக் கடந்தால் லார்சாக் மேட்டுநிலம். அதன் விளிம்பில் எஸ்கலெத் கணவாயில் சாலை சரேலென்று இறங்கும்போது காற்றின் மணமே மாறிவிடும். பெசியேயிலிருந்து கடற்கரை பதினைந்து கிலோமீட்டர்தான். கோடையில் அங்கு இருட்ட இரவு ஒன்பது மணிக்கு மேலாகும். எத்தனை ஊரில் நின்று வந்திருந்தாலும் வெளிச்சத்திலேயே கடலில் கால் நனைக்கலாம்.